மாசி மாத ஆலோசனை: உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்

பனி குறைந்து வெயில் உறைக்கத் தொடங்கும் இம்மாதத்தில், அவரைப் பந்தலும் மொச்சைச் செடியும் கடைசிப் பறிப்பைக் கொடுத்து ஓயும் தறுவாயில், வீட்டார் தின்று தீர்க்க இயலாமல் எஞ்சும் காய்களை ஃப்ரீசரில் இட்டுக் கோடைக்கென்று சேமித்து வைக்கும் வழக்கம் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவி வருகிறது. வரவேற்கத்தக்க வழக்கந்தான். ஆயினும், சென்ற ஆண்டு கோடை முடிவில் பைபையாகக் குப்பைக்குப் போன மொச்சையையும் பட்டாணியையும் கண்ட பிறகு, இவ்வாண்டு முன்கூட்டியே சில வார்த்தை சொல்வது அவசியமாகிறது.

செய்முறை சுருக்கமானது. பறித்த அன்றே செய்க. முற்றலையும் பூச்சி விழுந்ததையும் கழிக்க. அரைக்கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து, காயை இட்டதும் தணிந்த கொதி மீண்டும் எழும்போது நேரத்தை எண்ணத் தொடங்குக. பட்டாணிக்கு ஒன்றரை நிமிஷம். கீரைக்கும் காரட் துண்டுக்கும் 2. பீன்ஸ், அவரை, காலிஃப்ளவருக்கு 3. மொச்சைக்குப் பருமனுக்கேற்ப 2 முதல் 4. வெண்டைக்கு 3 அல்லது 4, காம்பை மட்டும் நறுக்கி முழுதாக. உதகை, கொடைக்கானல் வாசிகள் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்க; அவ்வுயரத்தில் தண்ணீர் நூறு டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் அதே நேரம் ஆறவிட்டு, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையிலிடுக. பையில் தேதி எழுதுக.

இந்தக் கொதிநீர்ச் சடங்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரில் மந்தமாகுமேயன்றி ஓய்வதில்லை; வெந்நீர் பட்டாலொழிய அவை மெல்ல மெல்ல நிறத்தையும் மணத்தையும் தின்றுகொண்டே இருக்கும். ஐம்பது லிட்டர் ஃப்ரீசரில் ஒரு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் புதிதாக வைக்கலாகாது. மெதுவாக உறையும் காயில் பனித்துகள் பெரிதாகி, சதை குழைந்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலறை பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லையாதலால், அதில் வைத்ததைச் சில வாரங்களுக்குள் செலவழித்துவிடுங்கள்.

இனி, நான் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். உருகிய காயை மறுபடி உறைய வைக்காதீர்கள். உறைபனி கிருமியைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. மின்சாரம் நின்று காய் உருகும்போது உடைந்த சதையிலிருந்து கசியும் நீரைக் குடித்து விழித்தெழும் கிருமி, கோடையின் உஷ்ணத்தில் சில மணி நேரத்திலேயே பல்கிப் பெருகுகிறது. மின்சாரம் திரும்பியதும் அதுவும் காயோடு சேர்ந்து மறுபடி உறைகிறது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லாதீர்கள். மூக்கு இதற்குச் சாட்சியாகாது. நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன் என்றும் சொல்லாதீர்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த தனி ஃப்ரீசர் திறவாதிருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். ஃப்ரிட்ஜின் மேலறைக்கு அந்தச் சக்தி கிடையாது. என்ன ஆயிற்றோ என்று அரைமணிக்கொரு தரம் திறந்து பார்ப்பவர்களே தங்கள் கைப்பொருளை நாசம் செய்துகொள்கிறார்கள். பிறகு பார்க்கையில் பைக்குள் பனித்துகள் இன்னும் இருந்தால் பாதகமில்லை; முழுதும் உருகியும் சில்லென்றிருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள்; குளிர் விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததென்றால், விலையை எண்ணாமல் கொட்டிவிடுங்கள்.

சித்திரை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கே இதில் ஆபத்து அதிகம். இல்லாத நாட்களில் மின்சாரம் எத்தனை நேரம் நின்றது என்று சொல்ல ஆளிருக்காது. அவர்கள் இன்றே ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை இட்டு ஃப்ரீசரிலேயே விட்டுவைக்கட்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்து கிடந்தால் உள்ளே இருந்ததெல்லாம் உருகி உறைந்தது என்று பொருள். அப்போது ஆலோசனை வேண்டாம், கொட்டுங்கள். எப்போதும் ஒரு வேளைக்கு ஆகும் அளவே ஒரு பையில் கட்டுங்கள். ஒரு கிலோப் பையை உருக்கிக் கால்கிலோ எடுத்துக்கொண்டு மீதியை உள்ளே தள்ளுகிற அலட்சியமும் இதே குற்றந்தான்.

வெள்ளரியும் முள்ளங்கியும் உறைய வைப்பதற்கு ஏற்றவையல்ல. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரிலிருப்பவர்கள் கொத்தவரையையும் வெண்டையையும் ஃப்ரீசருக்கு அனுப்பாமல் வற்றல் போடுவதே உத்தமம். பங்குனி வெயில் அதற்குப் போதும்.