சின்னக் கடைக்குக் கழற்றி மாட்டும் ரேக்

பத்துக்குப் பன்னிரண்டு அடி மளிகைக் கடையில் தச்சரை வைத்து அலமாரி அடித்தால், அது அடித்த இடத்திலேயே நிற்கும். துளை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக் அப்படியில்லை. நட்டு போல்ட்டைக் கழற்றித் தட்டை ஏற்றலாம், இறக்கலாம். கடை மாறினால் கூடவே எடுத்துப் போகலாம்.

வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். நடைவழி 3 அடியாவது வேண்டும். தட்டுகளுக்கிடையே சரக்கின் உயரத்தைவிட நாலு விரல் கூடுதல் போதும். சோப்புக்கட்டிக்கு ஒன்றரை அடி விட்டால் அங்கே பாதிக்கு மேல் காற்றைத்தான் அடுக்கி வைத்திருப்பீர்கள்! இடைவெளியைச் சுருக்கினாலே அதே ரேக்கில் இன்னொரு தட்டுக்கு இடம் பிறக்கும்.

அரிசி மூட்டை, எண்ணெய் டின் அடித்தட்டில். அடிக்கடி போகிற சரக்கு கண்மட்டத்தில்; மிட்டாய் இடுப்புயரத்தில் (அம்மாக்கள் மன்னிக்க). ஷாம்பு சரங்களுக்குத் தட்டே வேண்டாம், ரேக்கின் பக்கவாட்டில் கொக்கி மாட்டினால் போதும். புதுச் சரக்கு பின்னால், பழையது முன்னால்.

உயரமான ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்பதை விற்பவரிடம் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.