தோள்மூட்டு முதன்முறை நழுவினால்

நாடாவை ஓட்டும் நெசவாளருக்கும் மண்வெட்டி பிடிக்கும் உழவருக்கும் தோளே முதற்கருவி. வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழும்போது அத்தோள்மூட்டு நழுவிவிடுவதுண்டு. அறுவையின்றி இதற்குச் செய்யப்படும் சிகிச்சையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. கை பல திசைகளிலும் சுழல்வதற்கும், மூட்டு எளிதில் நழுவுவதற்கும் இதுவே காரணம். நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோருக்கு அது முன்புறமாகவே நழுவுகிறது.

முதலுதவி: கையை இருந்த நிலையிலேயே தாங்கி, துணியால் தொங்கவிட்டு, மருத்துவமனைக்கு விரைக. தாமே இழுத்துப் பொருத்த முயல்வது ஆகாது. எலும்பு முறிந்திருப்பின் முறிவு மிகும். நரம்பும் இரத்தக் குழாயும் சேதமடையலாம். கை மரத்துப்போனாலும் விரல்கள் வெளிறினாலும் மருத்துவரிடம் உடனே கூறுக.

சிகிச்சை: மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, வலி தணிய மருந்தளித்து, எலும்பை மெல்லக் குழியில் சேர்ப்பார். சேர்ந்ததும் வலி பெரிதும் தணியும். நோய் தீர்ந்ததென்று பலர் மறுநாளே வேலைக்குத் திரும்புவது இதனால்தான். அறுந்த இழையை உடனே முடிந்து நெய்யலாம். மூட்டினுள் கிழிந்த நார்கள் அவ்வாறல்ல, ஆறுவதற்கு வாரங்கள் வேண்டும்.

ஆதலின் 1 முதல் 3 வாரம் வரை கையைத் தொங்குகட்டில் வைப்பர். அப்போதும் விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைத்து வருதல் வேண்டும். பின்னர், தோளைச் சூழ்ந்த தசைகள் வலுப்பெற, பயிற்சியாளர் காட்டும் முறையில் படிப்படியாகப் பழகுக. கையை உயர்த்திப் பின்புறம் வளைப்பதையும், பளு தூக்குவதையும் ஏறக்குறைய 3 மாதம் தவிர்த்தல் நன்று.

20 வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோள் மீண்டும் நழுவக்கூடும். அத்தகையோருக்கு அறுவை நலமா என மருத்துவர் ஆராய்வார். 40 வயதைக் கடந்தோருக்கு அவ்வச்சம் குறைவு. ஆனால் மூட்டு இறுகுவதும் தசைநார் கிழிந்திருப்பதும் அவர்களிடம் மிகுதி. சில வாரங்களுக்குப் பின்னும் கையைத் தூக்க இயலாவிடில் மறுபடி காட்டுக.

தறி சில வாரம் ஓய்ந்தால் கூலி குறையும் என்பதை நாம் அறிவோம். எனினும் அடிக்கடி நழுவும் தோளால் ஆண்டு முழுவதும் தறி ஓயும். அந்நாட்களில் வீட்டாரும் உடன் உழைப்போரும் வேலையைப் பகிர்ந்துகொள்வார்களாயின், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.