காய்ப்புழுவின் நெடுந்துயில்

பருத்தி எடுத்து முடிந்து, காடு வெறுமையாகிப் பல மாதங்கள் சென்ற பின்னரும், அடுத்த வெள்ளாமையில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எங்கிருந்து வந்து சேர்கிறது? இவ்வினாவுக்குரிய விடை பெரும்பாலும் நமது விதை மூட்டையிலும் விறகுப் போரிலுமே இருக்கிறது.

முழு வளர்ச்சியுற்ற புழுக்களில் ஒரு பகுதி, பருவத்தின் இறுதியில் உடனே கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. இரண்டு பருத்திக்கொட்டைகளைத் தம் நூலால் பிணைத்து அவற்றினுள்ளோ, சொத்தைக் காய்களிலோ, மண்ணிலோ உணவின்றிக் கிடக்கின்றன. இதுவே நெடுந்துயில். சில புழுக்கள் ஓராண்டுக்கு மேலும் இவ்வாறு உயிர் தாங்குவதுண்டு.

பூச்சியின் வளர்ச்சியையும் துயிலையும் ஆள்பவை அதன் உடலிற் சுரக்கும் ஹார்மோன்கள். மூளையில் தோன்றும் ஒன்று, மார்பிலுள்ள சுரப்பியை ஏவுகிறது. அச்சுரப்பி தரும் மற்றொன்று தோலுரித்தலையும் உருமாற்றத்தையும் நடத்துகிறது. இவ்விரண்டாவதை 1954இல் ஜெர்மனியில் புடேனான்ட், கார்ல்சன் என்னும் அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராமே! பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இந்த ஏவல் தடைபடுகிறது, வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. தென்னாட்டில் பகலின் அளவு அதிகம் மாறுவதில்லை. ஆதலின் இங்கே துயில் குறைவு. பிடுங்காது விட்ட பழஞ்செடிகளே புழுவுக்குப் பாலமாகின்றன.

மூன்றாவது, இளமை ஹார்மோன். புழுப் பருவத்தில் இது உருமாற்றத்தைத் தடுக்கும். வளர்ந்த பின்னரோ, பல இனங்களில் பெண்பூச்சியின் முட்டைகளை முதிர்விக்கும். 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாமா, வில்லியம்ஸ் ஆகியோர் வளர்த்த நாவாய்ப்பூச்சிகள் முதிர்ச்சியடையாமலே மடிந்தன. கூண்டில் வைத்த காகிதமே காரணம் எனத் தெரிந்தது. அக்காகிதம் செய்த மரத்தில் இளமை ஹார்மோனை ஒத்த பொருள் இருந்தது. நம் பருத்தியைக் கறைப்படுத்தும் சிவப்பு நாவாய்ப்பூச்சியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

விதைக்குள் துயிலும் புழுவை மருந்துத் தெளிப்பு எட்டாது. மரபணு மாற்றிய பருத்தியே காக்கும் என்றிருந்தோம். முதலில் வந்த அவ்வகையை இப்புழு வென்றுவிட்டது 2010இல் குஜராத்தில் உறுதியாயிற்று. எனவே அதன் உணவையும் உறைவிடத்தையும் ஒழிப்பதே வழி.

கடைசிப் பருத்தி எடுத்ததும் செடிகளை வேரோடு பிடுங்குக. சொத்தைக் காய்களைப் பொறுக்கி அழித்திடுக. விதைக்கென வைக்கும் கொட்டையைக் கோடை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுக. துயில் கலைந்து வரும் அந்து, வயலில் மொட்டும் காயும் காணாவிடில் சந்ததியின்றி மடியும்.

பருத்திமார் ஏழைக் குடும்பத்தின் அடுப்பெரிப்பு என்பதை அறிவேன். அதைச் சேர்த்து வைக்க வேண்டாம் என்று கூறவில்லை. காய்களை உதிர்த்துவிட்டு அடுக்குக, அடுத்த விதைப்புக்கு முன் எரித்துத் தீர்த்திடுக என்றே வேண்டுகிறேன். ஒருவர் கொல்லையில் விட்ட போர், ஊரார் அனைவரின் உழைப்பையும் வீணாக்கும். கெட்ட பஞ்சு நூலாகித் தறிக்கு வரும்போது, இழை அறுந்து கூலி இழப்பவர் நம் நெசவாளச் சகோதரர்.

பழஞ்செடிகளைக் குறித்த நாளுக்குள் அகற்றச் செய்ய, சென்னை மாகாணத்தில் 1919ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் அச்சத்தால் ஆகாததும் கூட்டுறவின் ஒற்றுமையால் ஆகும். அடுத்த பொதுக்கூட்டத்தில், செடி பிடுங்க ஒரே நாளைக் குறித்து ஊர் முழுவதும் நிறைவேற்றுவோமாக.