முறிந்த சுருள்வில்

நுழையும்முன்

மைசூருவிலிருந்து சாமராஜநகர் வழியே சத்தியமங்கலம் செல்வோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பர். உதகைக்குச் செல்வோர் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் வேகத்தடைகள் பலவற்றில் ஏறி இறங்குவர். சொந்த ஊருக்குச் செல்லும் இப்பயணங்களில் மகிழுந்தின் எடையைத் தாங்கும் உறுப்பே சுருள்வில்.

வில்லும் பில்லும்

‘வில்’ என்னும் பழந்தமிழ்ச் சொல், வளைந்து மீளும் தன்மையால் இன்று ஸ்பிரிங்கையும் குறிக்கிறது. வில்லைக் கன்னடத்தில் ‘பில்லு’ என்பர். வா – பா, வேர் – பேரு என்பனவும் இவ்வாறு வகரம் பகரமாக அமைந்த சொற்களே.

பளு இரு மடங்கானால் வில்லின் அமுக்கமும் இரு மடங்காகும். ஓர் எல்லை வரை பொருந்தும் இவ்விதியை 1678இல் ராபர்ட் ஹூக் விளக்கி வெளியிட்டார்.

முறிவு எவ்வாறு நேர்கிறது?

சுருள்வில் அமுங்கும்போது அதன் எஃகுக் கம்பி முறுக்கப்படுகிறது. அம்முறுக்கின் தகைவு கம்பியின் மேற்பரப்பிலேயே மிகுதி. சாலையிலிருந்து தெறிக்கும் சிறுகல் பட்டு வண்ணப்பூச்சு பெயர்ந்தால், அவ்விடத்தில் ஈரம் தங்கித் துருவேறும், நுண்குழி தோன்றும். ஒவ்வொரு பள்ளத்திலும் வில் அமுங்கி மீள, அக்குழி விரிசலாக வளரும். இதனை ‘உலோகச் சோர்வு’ என்பர். சேறும் நீரும் தங்கும் அடிச்சுருளே பெரும்பாலும் முறிகிறது. பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் குளிர்நாடுகளில் துரு விரைந்து பரவும்.

அறிகுறிகள்

வண்டியின் ஒரு மூலை தாழ்ந்திருத்தல், வேகத்தடையில் உலோக ஒலி எழுதல், திருப்பும்போது ‘டக்’கென்ற ஓசை கேட்டல் ஆகியன முறிவின் அறிகுறிகளாகலாம். முறிந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும். ஆதலின், அத்தகைய வண்டியை மலைப்பாதையில் ஏற்றலாகாது. பட்டறையில் காட்டிய பின்னரே பயணம் தொடர வேண்டும். இடப்பக்க வில் முறிந்தால் வலப்பக்க வில்லையும் சேர்த்தே மாற்றுவர்; அப்போதுதான் இருபுறமும் உயரம் ஒத்திருக்கும். அமுங்கிய வில் பேராற்றலுடன் தெறிக்கும் என்பதால், உரிய கருவியின்றி அதனைக் கழற்ற முயலுதல் உயிருக்கே ஆபத்து.

பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உங்கள் செவிக்கும் அவ்வோசை எட்டும். கேட்டவுடன் பெரியோரிடம் கூறுங்கள்.

சொற்பொருள்

தகைவு – பொருளின் உள்ளே எழும் எதிர்விசையின் அளவு
மீளுதல் – பழைய நிலைக்குத் திரும்புதல்
சோர்வு – தளர்ச்சி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: துருவேறும், அவ்விடத்தில், பேராற்றல்.
2. சிறுகல் பட்ட இடம் விரிசலாக வளர்வது எவ்வாறு? மூன்று தொடர்களில் எழுதுக.
3. சுருள்வில்களை இணையாக மாற்றுவது ஏன்?
4. தமிழில் வகரத்திலும் கன்னடத்தில் பகரத்திலும் தொடங்கும் வேறு இரு சொற்களை வீட்டில் கேட்டு எழுதுக.
5. செய்து பார்க்க: ஆசிரியர் முன்னிலையில் ஒரு ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் வளைக்க. எத்தனையாவது முறையில் முறிந்தது எனக் குறிக்க.