உருட்டுவதற்கு முன் ஒரு டேப்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் கைக்குழந்தை பாலைக் கக்கிவிட்டு ஓயாமல் அழுதால், "உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டுங்க" என்பார்கள். என் தங்கை மகனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அவள் வேறு மூன்று அறிகுறிகளைக் கவனித்திருந்தாள். முந்தின மாதம் வாங்கிய குல்லா தலையில் ஏறவில்லை. பிள்ளை அழாதபோதும் உச்சிக்குழி புடைத்து நின்றது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. உருட்ட விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவனுக்கு வந்திருந்தது மூளையில் நீர் கோர்க்கும் நோய். அந்தப் பிடிவாதம்தான் அவனைக் காப்பாற்றியது.

மூளையில் நீர் இருப்பதே நோயல்ல. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது. எந்நேரமும் தங்கியிருப்பது 150 மில்லி அளவுதான். மிச்சம் ரத்தத்தில் வடிந்துவிடும். வடியும் வழி அடைபட்டால், மறுகால் அடைத்த கண்மாய்போல நீர் உள்ளேயே ஏறுகிறது. கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் சேராததால் தலை விரிகிறது. பிறவியிலேயே வழி குறுகியிருக்கலாம். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்திருக்கலாம். குறைமாதப் பிள்ளைக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். காசநோய் மூளைக்காய்ச்சலாலும் வரும்.

கண்டுபிடிக்க முதலில் வேண்டியது தையல் டேப்தான். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டை துருத்திய இடத்தைச் சேர்த்துச் சுற்றி அளக்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ. அளவில் கூடும், பிறகு வேகம் குறையும். அதற்கு மேல் விறுவிறுவென ஏறினால் ஸ்கேன் பார்க்க வேண்டும். உச்சிக்குழி மூடாத பிள்ளைக்கு அதன் வழியாகவே அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம்.

பெரும்பாலும் செய்யப்படும் அறுவை சிகிச்சை, ஷண்ட் என்னும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் இறக்கி, மிகுந்த நீரை வயிற்றுக்குள் வடிய விடுவது. குழாயில் உள்ள வால்வுக்குப் பின்னால் தகப்பன்மாரின் தவிப்பு இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, இதே நோயோடு பிறந்த தன் மகனுக்காக ஒரு வால்வை வடிவமைத்தார். 1960-இல் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தையான மகனுக்கு விபத்தில் தலையில் அடிபட்டு, மூளையில் நீர் சேர்ந்தது. அவனுக்கு வைத்த குழாய் திரும்பத் திரும்ப அடைத்தது. டால், பொறியாளர் ஸ்டான்லி வேட், மருத்துவர் கென்னத் டில் மூவரும் சேர்ந்து அடைப்பு குறைந்த வால்வை உருவாக்கினார்கள். நம் நாட்டில் டாக்டர் சாப்ராவின் பெயரால் வழங்கும் ஷண்ட், உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் குறைந்த விலையில் தயாராகி, ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டியது. என் கண்ணில் அதுவும் அந்த வால்வுகளுக்கு இணையான சாதனை.

ஆனால் குழாய் வைத்ததோடு வேலை முடிவதில்லை. அது அடைக்கலாம், கிருமி தொற்றலாம், பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியும் வரலாம். என் தங்கை, மகனுக்கு ஷண்ட் இருப்பதை ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையில் வைத்திருக்கிறாள், ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறாள். இதை எல்லாப் பெற்றோரும் செய்யலாம்.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கத் தொடங்குங்கள். முதுகுத்தண்டுக் குறையைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991-இலேயே உறுதியானது. குழாய் வைத்த பிள்ளைக்கு வாந்தி, தலைவலி, அசாதாரணத் தூக்கம், காய்ச்சல் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள்.