ஓடு உரைக்கும் வரலாறு

பழம்பொருள் என்றவுடன் பொன்னணியும் வெண்கலச் சிலையுமே நம் நினைவிற்கு வருகின்றன. உடைந்த ஓடும் விலைமதித்தற்கரிய செல்வமாதல் உண்டு. இவ்வுண்மையை யான் முதுமையிலேதான் உணர்ந்தேன்.

ஒருநாள் யானும் என் பேரனும் விடியற்காலையில் திண்டுக்கல்லினின்று புறப்பட்டு, மதுரை வழியாகக் கீழடியை அடைந்தோம். வைகைக்குத் தெற்கேயுள்ள அவ்வூர் அகழாய்வுகளிற் கிடைத்த பொருள்களைக் காக்கும் அருங்காட்சியகம், 2023 மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள் திறக்கப்பெற்றது. கறுப்பு சிவப்புக் கலங்களையும், மணிகளையும், பொன்னணிகளையும் கண்டு வியந்தோம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்னும் பெயர் பழந்தமிழ் எழுத்திற் கீறப்பட்டுள்ளது. எழுத்து வேந்தர்க்கு மட்டுமே உரியதாய் இருந்திலது என்பதற்கு அவ்வோடே சான்று.

அடுத்து, ஓடுகளைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுச் சில்லுகளைக் கண்டோம். "தாத்தா! இவற்றைப்போல் தாங்களும் விளையாடியதுண்டா?" என்று பேரன் வினவினான். யான் வாயடைத்து நின்றேன். சிறுவயதில் எங்கள் ஊர் மேட்டு நிலத்தில் உழவுசாலில் வெளிப்பட்ட கறுப்பு சிவப்பு ஓடுகளைப் பொறுக்கி, கல்லில் தேய்த்துச் சில்லாக்கி ஆடினோம். ஆடி முடித்ததும் கிணற்றில் எறிந்தோம். அவற்றுள் எத்தனை ஓடுகளில் எத்தனை பெயர்கள் இருந்தனவோ! யார் அறிவார்?

பொருள் கிடைத்தால் மட்டும் போதாது. அது கிடந்த இடமும் அறியப்படல் வேண்டும். நம் மாவட்டத்துப் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலே இதற்குத் தக்க சான்று. 2009 இல் பேராசிரியர் கா. இராசன் அங்கு அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அக்குழியிலேயே எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் கிடைத்தது. நெல்லை ஆராய்ந்தோர் அதன் காலம் கி.மு. 490 அளவினது எனக் கணித்தனர். நெல்லின் காலங்கொண்டே எழுத்தின் காலமும் உய்த்துணரப்பட்டது. எவரேனும் முன்னரே தாங்கியை மட்டும் எடுத்துச் சென்றிருப்பின், எழுத்து எஞ்சியிருக்கும். அதன் காலத்தைக் கூறும் சான்று அழிந்திருக்கும்.

மாணவர்களே! வயலிலோ மேட்டிலோ பழைய ஓட்டையோ தாழியையோ காண்பீராயின், அதனைப் பெயர்க்காதீர், கழுவாதீர். கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். அவர் தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்பார். யான் அறியாமையால் எறிந்தவை மீளா. நீவிர் அறிந்து காப்பவை நம் முன்னோர் வரலாற்றை உலகிற்கு உரைக்கும்.