பந்தய மிதிவண்டியும் அதனைச் செய்த கையும்

பந்தயத்தில் முந்தினான் பெயரை உலகம் போற்றும். அவனைத் தாங்கிச் சென்ற வண்டியின் பெயரையும் சிலர் நினைவிற் கொள்வர். அவ்வண்டியைத் தன் கையால் அமைத்தவன் யார் என வினவுவாரோ மிகச் சிலர். அவ்வினாவை முன்வைத்து, இங்கிலாந்தில் வளர்ந்த எஃகுப் பந்தய மிதிவண்டித் தொழிலின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

மிதிவண்டிக்கு உயிர்நிலை அதன் சட்டமே. சக்கரமும் சங்கிலியும் தேய்ந்தால் வேறு மாட்டலாம். சட்டம் மாறின் வண்டியே வேறாகும். எட்டுக் குழாய்களும், முன்சக்கரத்தைப் பற்றி நிற்கும் கவையும் சேர்ந்ததே சட்டம் எனப்படும். பந்தய வீரன் அதனிடத்து வேண்டுவன இரண்டு: மேட்டில் ஏறுதற்கு ஏற்ற இலேசு ஒன்று, மிதிக்கும் வலிமைக்கு நெகிழாத உறுதி மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் முரணுவன. குழாயின் கனத்தைக் குறைத்தால் வண்டி இலேசாகும். ஆயின் நெருப்பிற் காய்ந்த மூட்டுக்களில் முறிந்துபோம்.

இம்முரணைத் தீர்க்க வழி கண்டவர், ஆணி செய்யும் மரபில் வந்த ஒருவர். பர்மிங்ஹாம் நகரில் 1841-இல் ஆணித் தொழிலாகத் தொடங்கியது ரெனால்ட்ஸ் குடும்பத்தாரின் தொழில் நிலையம். அக்குடும்பத்து ஆல்பிரட் ரெனால்ட்ஸ் என்பார், ஹியூவிட் என்பாரோடு கூடி 1897-இல் ஒரு புதிய குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அக்குழாய் புறத்தே எங்கும் ஒரே பருமனுடையது. அகத்தேயோ, மூட்டு அமையும் இரு முனைகளிற் கனத்தும், நடுவிடத்தில் மெலிந்தும் இருக்கும். உருவமைந்த கோலொன்றைக் குழாயினுட் செலுத்தி இழுத்து, பின்னர் உருளைகளிடையே உருட்டிக் குழாயைச் சிறிது தளர்த்தி, அக்கோலை வெளியே எடுப்பர். பந்தயச் சட்டமொன்றின் குழாய் முனையிற் சுமார் 0.9 மில்லிமீட்டரும், நடுவிற் சுமார் 0.6 மில்லிமீட்டரும் கனமுடையதாக இருத்தலுண்டு. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் இந்நிலையத்தார் 1935-இல் வெளியிட்ட ‘531’ என்னும் குழாய், பல்லாண்டுகள் பந்தய உலகில் தலைமை பெற்று விளங்கிற்று.

இனி, மூட்டும் வகையைக் காண்போம். இரு குழாய்கள் கூடுமிடத்தில் ‘லக்’ என்னும் எஃகுறையைப் பொருத்தி, சுடரால் வெம்மையேற்றிப் பித்தளையை உருக்கி விடுவர். எஃகு உருகுவதில்லை, ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் உருகிய பித்தளை, உறைக்கும் குழாய்க்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் தானே பரவி இரண்டையும் பற்றிக்கொள்ளும். இது நம் யாப்பிலக்கணத்தை நினைவூட்டுகின்றது. வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாது நிற்குமிடத்து, ஓரசையேனும் ஈரசையேனும் இடையே பெய்து ஒட்டுவிப்பர் புலவர். அதற்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லன் இடும் பற்றாசினின்றும் பிறந்த பெயர் அது. செய்யுள் கற்கும் எமக்கு இத்தொழிலின்பால் ஈடுபாடு எழுந்ததும் இவ்வொற்றுமையாலேயே.

வெம்மை மிகின் எஃகு வலியிழக்கும்; குறையின் பித்தளை உள்ளே பரவாது. தீயின் நிறங்கண்டே தொழிலாளி பதமறிவான். மூட்டிய பின் அரத்தால் விளிம்புகளை மெல்லிதாக்கி வண்ணம் பூசுவர். பூசியபின் உள்ளிருக்கும் குறை எவர் கண்ணுக்கும் புலனாகாது. மலைச்சரிவில் விரைந்திறங்கும் வீரனோ தன் உயிரையே அம்மூட்டினிடம் ஒப்புவித்திருக்கின்றான்.

இங்கிலாந்தின் பந்தய வழக்கமும் ஈண்டு அறியத்தக்கது. வீரர் பலர் ஒருங்கே சாலையில் விரைவதை ஆங்குள்ள சங்கத்தார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தடுத்தனர். அதனால் 1895-இல், ஒருவர்பின் ஒருவராய்ப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை எழுந்தது. வீரர் கரிய உடையணிந்து, விடியற்போதில், பிறரறியா வழிகளில் ஓட்டுவர். ஊதியங் கருதாத அவ்வீரரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பதனால், நிழற்படங்களில் வண்டியின் பெயரையும் அழித்துவிடுவது வழக்கமாயிருந்தது. பெயரை அழிக்கலாம், வடிவை அழிக்க இயலுமோ? ஆதலின் சட்டத்தின் வடிவையே அடையாளமாக்கினர் என்ப. பேட்ஸ் என்னும் நிலையத்தார் கவையை இருமுறை வளைத்தனர். லண்டன் டாட்டன்ஹாமிற் கடை நடாத்திய ஹைமன் ஹெட்சின் என்பாரது வண்டியில், பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் அலைபோல் வளைந்தன. லக்குகள் கொடிக்கருக்குப்போல் அரத்தால் அறுத்து அணி செய்யப்பெற்றன. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மானிய வீரர் தோனி மெர்க்கன்ஸ் பொற்பதக்கம் பெற்றது ஹெட்சின்ஸ் வண்டியிலேயே.

ஆயின் அச்சட்டங்களைச் செய்த கை ஹெட்சினுடையதன்று. ஜாக் டென்னி என்னும் தொழிலாளியே நெடுங்காலம் அவற்றை அமைத்து வந்தார். பதக்கம் மெர்க்கன்ஸுக்கும், பெயர் ஹெட்சினுக்கும் உரியவாயின. டென்னிக்கு உரியதாக நின்றது அரத்தின் சுவடு ஒன்றே. அதுவும் சிறிதன்று. இன்றும் பழைய வண்டிகளைப் பேணுவோர் லக்கின் விளிம்பைத் தடவிப் பார்த்து அவர் கைத்திறனை வியக்கின்றனர்.

1980-க்குப் பின்னர் அலுமினியமும், அதன்பின் கரிநாரும் பந்தயத்துட் புகுந்து எஃகை ஒதுக்கின. ஜப்பானில் 1948-இல் தோன்றிய கெய்ரின் என்னும் வட்டப் பந்தயத்தில் மட்டும், ஆடவர்க்குரிய மரபுப் போட்டிகளில், ஒப்புதல் பெற்ற கைவினைஞர் செய்யும் எஃகுச் சட்டமே இன்னும் விதியாக நிற்கின்றது. ஏனைய நாடுகளிலும் ஓட்டுவோன் உடலளவுக்கேற்ப எஃகுச் சட்டம் அமைக்கும் தொழிலாளர் சிலர் உளர்.

மாணவ நண்பர்களே! நாம் நாள்தோறும் ஓதும் பழந்தமிழ் நூல்களை ஏட்டிற் படியெடுத்துக் காத்தோர் பலருடைய பெயரும் நாம் அறியோம். அவர் ஒரெழுத்தை வழுவவிட்டிருப்பின் நமக்கு ஒரு பாட்டின் பொருளே திரிந்திருக்கும். பிறர் காணாவிடத்தும் பிழையின்றிச் செய்வதே செய்வினைக்கு உயிர். வெளியே ஒரே பருமனாய்த் தோன்றும் குழாயும், வலி வேண்டுமிடத்து உள்ளே கனத்தன்றோ இருக்கின்றது!